நாலாம் நம்பர்

விசில் வீறிட்டது.

கரைப்பக்கம் இருட்டிலிருந்து குரல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

நாலு வரவில்லை.

நாலாம் நம்பருக்குச் சொந்தக்காரி பாறைச் சுவரின் மறைவில், மார்பளவுத் தண்ணீரில், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தாடை கிடுகிடுவென்று ஆடியது. பனிக்காலக் கடல். மணி ஐந்தே முக்கால். வானம் இன்னும் கரிச்சட்டியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். டவல், பிளாஸ்க் டீ, வீடு எல்லாம் கிடைத்துவிடும். அவள் சொல்வதாக இல்லை. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பதினோரு மாதம் காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருபத்திரண்டு வருடமாக உட்காருகிறவள் அவள். ஒற்றை 'ஹலோ'வை வைத்தே, பேசுகிற டாக்டர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா, சாப்பிடாமல் வந்தாரா என்று சொல்லிவிடுவாள். "அக்கா, உங்க காது காது இல்ல, எக்ஸ்ரே மெஷின்" என்பார்கள் நர்ஸுகள். அந்தக் காதை நம்பித்தான் கடலில் இறங்கினாள்.

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஒரே ஸ்டூல். நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது, தொப்பை வந்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கல்யாணமான புதிதில், சின்ன வயதில் நீச்சலில் கப்பு வாங்கியதாக அவர் அளந்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டாள் இவள்.

"கப்பு வாங்கின மனுஷன் கட்டில்ல உருண்டுகிட்டிருந்தா எப்படி? கடல்ல ஒரு குரூப் நீந்துதாம். நாளையிலேர்ந்து போங்க."

"பனிக்காலத்துலயா? விறைச்சுப் போயிடுவேன்டி."

"ஒண்ணும் ஆகாது. பொம்பளைங்களே இறங்கறாங்களாம்."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. மறுநாளே போனார். ஒன்றரை வருடம் ஒருநாள் தவறாமல் போனார். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க, ஐந்து மாடிக்கும், லைன் போட்டுச் சொன்னாள். "மத்த வீட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போனா பாத்ரூமே பீச்சாயிடும். எங்க வீட்டுக்காரர் டவல்ல ஒரு பொட்டு மணல் இருக்காது. அவ்வளவு சுத்தம்!"

அந்தக் குழுவில் ஒன்பது பேர். ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார்தான் தலைவர். எல்லோருக்கும் அவர் 'விசில்'. "இருட்டுல தலைய எண்ண முடியாது, குரலை எண்ணு" என்பது அவருடைய சட்டம். எல்லோரும் கரையேறியதும் விசில் ஊதுவார். அவரவர் தன் நம்பரைக் கத்த வேண்டும். ஒன்பதும் வந்தால் டீ.

போன பனிக்காலத்தில் ஒருநாள் ஒன்பதும் வந்தது. ஊற்றிய டீயில் ஒரு கப் மட்டும் எடுக்க ஆளில்லாமல் ஆறிப்போயிருந்தது. விடிந்த பிறகு, கால் மைல் தள்ளி, அன்றைய நாலாம் நம்பரை, அவள் புருஷனை, கடல் கொண்டுவந்து போட்டது.

போலீஸ் விசாரித்தபோது எட்டுப் பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நாலுன்னு குரல் கேட்டுச்சு சார். கேட்டதாலதான் டீ ஊத்தினோம்." யார் குரல்? தெரியாது. இருட்டு. அலைச் சத்தம்.

கடலில் கிடந்தவர் கரையிலிருந்து எப்படிக் கத்துவார்? அப்படியென்றால் இந்த எட்டுப் பேரில் ஒருவர் அவருக்காகக் கத்தியிருக்க வேண்டும். அந்தக் குரல் மட்டும் வராமலிருந்தால் உடனே தேடியிருப்பார்கள். தேடியிருந்தால் கிடைத்திருப்பார். இந்தக் கணக்கை அவள் தூங்காமல் போட்டுப் பார்த்தாள். முடிவில் ஒரு விடியற்காலை, டவலோடு போய் வாத்தியார் முன்னால் நின்றாள்.

"நானும் சேரணும். நாலாம் நம்பர் காலியாத்தானே இருக்கு?"

மறுக்க யாருக்கு வாய் வரும்?

சேர்ந்த பிறகு நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. முதல் அலை இடுப்பில் அறைந்தபோது உயிர் உச்சந்தலைக்கு ஏறியது. "கத்துங்க! கத்தினாத்தான் குளிர் போகும்!" என்று மருந்துக்கடைக்காரி, ஆறாம் நம்பர், கையைப் பிடித்து இழுத்தாள். கத்தினாள். எட்டுப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். இருபது எண்ணுவதற்குள் தோல் முழுக்கத் திகுதிகுவென்று ஒரு சூடு பரவியது. கரையேறி டவலுக்குள் நடுங்கிக்கொண்டு, விரல் மரத்த கையில் டீக் கப்பைப் பிடித்தபோது, ஆயுசு முழுக்கச் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது.

"எப்படி? புருஷன் திட்டினாக்கூட அன்னிக்கு முழுக்கக் காதுல விழாது, அவ்வளவு சுகம்" என்ற மருந்துக்கடைக்காரி, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் இவள் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய், சிரித்ததற்காக அழுதாள். அவரைக் கொன்ற தண்ணீரில் தனக்கு ஆனந்தமா? அதற்கும் மனசு ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. இந்தச் சுகத்தை அவரும் ஒன்றரை வருடம் அனுபவித்தார், நான் வாங்கிக் கொடுத்த சுகம், அந்தமட்டுக்காவது நிம்மதி. அதைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் தரையில் தினமும் மணலைக் கூட்டினாள். எத்தனை முறை அலசினாலும் அவள் டவலில் மணல் போகவில்லை. அந்த மனுஷன் எப்படித்தான் அலசினாரோ!

காது தன் வேலையைச் செய்துகொண்டேயிருந்தது. எட்டுக் குரலையும் எடைபோட்டாள். மூணாம் நம்பர் பல் டாக்டருக்குக் கட்டைக் குரல். அஞ்சாம் நம்பர் பூட்டு ரிப்பேர்க்காரர், புருஷனின் கூட்டாளி. அவர் தொண்டை துருப்பிடித்த தகரம். அவள் புருஷனுக்கோ மூக்கால் பேசும் மெல்லிய குரல். ஒருவர் குரலும் ஒட்டவில்லை. நேரில் கேட்டாலும் பூட்டுக்காரர், "பழச எதுக்குக் கிளறிக்கிட்டு அண்ணி" என்று தலையைக் குனிந்துகொள்வார்.

அதனால்தான் இன்றைக்கு இந்த மௌனம். குரல் வராவிட்டால் என்ன செய்வார்கள்? செய்தவன் என்ன செய்வான்?

"நாலு!" என்று வாத்தியார் கத்தினார். "நாலு எங்கே? ஏம்மா!"



அடுத்த நொடி கரையில் பிரளயம். டார்ச் வெளிச்சங்கள் தாறுமாறாக ஆடின. "ஐயோ, போச்சு!" என்று மருந்துக்கடைக்காரி அலறினாள். அத்தனை சத்தத்தையும் அடக்கிக்கொண்டு ஒரு தகரக் குரல் தண்ணீருக்குள் பாய்ந்து வந்தது.

"நான் சொல்லல! இன்னிக்கு நான் சொல்லல சார்! சத்தியமா இன்னிக்கு நான் சொல்லல!"

பூட்டுக்காரர்! சட்டையோடு இறங்கி, அலையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, தண்ணீரைக் கையால் துழாவிக்கொண்டு, "அண்ணீ! அண்ணீ!" என்று அழுதார்.

அவள் பாறை மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"இன்னிக்குச் சொல்லல. அன்னிக்கு?"



மற்றவர்கள் இருவரையும் கரைக்கு இழுத்து வந்தார்கள். "பாவி, உயிரே போயிடுச்சும்மா எனக்கு" என்று வாத்தியார் திட்ட ஆரம்பித்து, பூட்டுக்காரரின் முகத்தை டார்ச்சில் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க. இவங்க பேசட்டும்."

இரண்டு பேர், இரண்டு டவல். பூட்டுக்காரர் அவள் காலடி மணலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒருநாள் இல்ல அண்ணி. ஒன்றரை வருஷமா நான்தான் நாலு. நான்தான் அஞ்சு."

"பொய். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். சன்னமாக, இழுத்து, "நாலு" என்றார்.

செத்தவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாற்போல இருந்தது. இருபத்திரண்டு வருடக் காது அந்த ஒரு வார்த்தையில் தோற்றுப்போனது.

"அவர் நீந்தவே மாட்டார் அண்ணி. கப்பு, கிப்பு எல்லாம் சும்மா. தண்ணின்னா பயம். உங்ககிட்ட சொல்ல அதைவிட பயம். முழங்கால் வரைக்கும் எங்ககூட வருவார். அப்புறம் இருட்டுல நைசா நழுவி, அதோ, அந்த நல்ல தண்ணிக் குழாய்க்குப் போயிடுவார். தலைய நனைச்சுக்குவார், டவல நனைச்சுக்குவார். 'டேய், எனக்கும் சேத்து ஒரு குரல் கொடுத்துடு'ம்பார். டீக்கு வந்து சேந்துக்குவார். மத்தவங்களுக்குத் தெரியாது."

ஒரு பொட்டு மணல் இல்லாத டவல். ஐந்து மாடிக்கும் லைன் போட்டுச் சொன்ன டவல்!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டை வரை வந்து கரித்தது. அப்படியானால் அந்தச் சூடு? டவலுக்குள் நடுங்கும் அந்தச் சுகம்? அவர் ஒருநாள்கூட அதைத் தொட்டதில்லை. ஒன்றரை வருடம், பனியில், குழாயடியில், தனியாக, நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவளுக்குப் பயந்துகொண்டு.

"அன்னிக்கும் குழாயடிக்குப் போயிட்டார்னு நினைச்சுத்தான் குரல் கொடுத்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? செத்த பின்னாடியும் அவர் மானத்த வாங்கணுமா?"

"என்கிட்ட மறைச்சே. போலீஸ்கிட்டயும் மறைச்சே." அவள் குரலில் இரக்கமே இல்லை. "உன் ஒரு வார்த்தைதான் அவரக் கொன்னுச்சு."

"ஆமா அண்ணி" என்றார் அவர். "ராத்திரி தூக்கமே கிடையாது."

கிழக்கே ஒரு சாம்பல் கோடு விழுந்தது. தூரத்தில், குழு நீந்திப்போய்த் தொட்டுத் திரும்பும் மிதவை ஏறி இறங்குவது தெரிந்தது. அவளுக்கு ஏதோ ஒன்று இடறியது. அந்தக் காலை. கம்பளிக்குள் இருந்தவளை அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். முந்தின நாள் டியூட்டி முடிந்து வந்து, ஜம்பமாக அவள்தான் ஏதோ சொல்லியிருந்தாள். "கிளம்பலியா?" என்று கேட்டார். "நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லிவிட்டு அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒன்றரை வருஷம் இறங்காத மனுஷன்" என்றாள். "அன்னிக்கு மட்டும் எதுக்கு இறங்கினார்?"

பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

"'பின்னாடியே வந்து கரையில நின்னு பாக்கறேன்னு சொல்லியிருக்காடா, இன்னிக்கு ஒருநாள் அந்த மிதவை வரைக்கும் போயிடறேன்'னார் அண்ணி."