ghly;fs; என்றொரு கோப்புறை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தொலைபேசி அழைப்பில். "தம்பி, பாட்டுப் புத்தகம் அழிஞ்சுபோச்சு. ஒருக்கா வாறீங்களோ?" என்றார் இமெல்டா அக்கா. ஒஸ்லோவில் எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துபவர். நான் கணினி திருத்துபவன். இடைக்கிடை கதையும் எழுதுவேன். போகும் வழியிலேயே தொடங்கிவிட்டேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் இமெல்டா

(வேண்டாம். பனி இல்லாமலும் நோர்வேயில் கதை தொடங்கலாம். தவிர, அன்று மழை.)

அழிந்த பாடல்களைத் தேடி ஒருவன் ரொம்சோஸில் ரயிலேறினான். அவன் மனத்தில்

(இதுவும் வேண்டாம். பாடல்கள் அழியவே இல்லை. அதை முதலில் விளக்கிவிடுகிறேன். விளக்காமல் எனக்குக் கதை நகராது.)

2

பழைய வேர்ட் மென்பொருளில் தலைமை ஆவணம் என்று ஒன்று உண்டு. பார்வைக்கு முழுப் பாட்டுப் புத்தகம். உண்மையில் அதற்குள் ஒரு பாட்டும் இல்லை. எந்தப் பாட்டு எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற முகவரிகள் மட்டுமே. நீங்கள் திறக்கும்போது அது ஒவ்வொரு முகவரிக்கும் போய்ப் பாட்டை எடுத்து வருகிறது. அழகான ஏற்பாடு! ஒரு பாட்டைத் திருத்தினால் புத்தகமும் திருந்திவிடும். ஆனால் முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் வெறுங்கையோடு திரும்பிவிடும். பக்கத்து வீட்டில் விசாரிக்காது.

கோயில் அலுவலகக் கணினியில், பாட்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் அடிக்கோடிட்ட வரிகள்தான் தெரிந்தன:

\\KOR-PC\felles\ghly;fs;\041.doc

முதலில் கணினியின் பெயர். அடுத்தது எல்லோரும் பாவிக்கும் பொதுக் கோப்புறை. அதற்குள் பாடல்களின் கோப்புறை. கடைசியில் பாட்டு. மூன்றாவதைக் கண்டு திகைக்காதீர்கள், அக்கா தமிழில்தான் தட்டியிருக்கிறார். பாமினி எழுத்துருவில் அது 'பாடல்கள்'. கோப்புறைப் பெயருக்கு அந்த எழுத்துரு வராததால், விசைகளின் ஆங்கில எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. அக்கா அதை வருடக்கணக்காகச் சிரமமில்லாமல் வாசித்துவந்தார்.

3

"ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. "போன கிழமை றொபின்தான் இதில இருந்தவர்."

நாங்கள் ஈழத்தவர். றொபின் நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்கள்தான். நல்ல குரல். அக்கா ஏற்கெனவே பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்: 'புது ஆக்கள் கண்டபடி கை வைச்சு எங்கட புத்தகம் அழிஞ்சுபோச்சு.' அதன்பிறகு றொபின் பயிற்சிக்கு வரவில்லை. அலுவலகத்திலிருந்தே அவரை அழைத்தேன்.

"பிரிண்டர்ல பேப்பர் சிக்கிச்சு, அத எடுத்துவிட்டேன். அவ்வளவுதாண்ணே. இனிமே நான் பாட வரல. எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க."

என் முதல் வரைவில் றொபின்தான் குற்றவாளி. ghly;fs; என்பதை வைரஸ் என்று நினைத்துப் பெயரை மாற்றிவிடுகிறார். 'நாங்களும் இந்தியாக்காரரும்' பற்றி ஒரு நல்ல பகிடி, நீங்களும் சிரித்திருப்பீர்கள். அக்காவுக்கு வசதியாக இருந்த அதே ஆள் எனக்கும் வசதியாக இருந்துவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த வரைவை அழித்துவிட்டேன்.

4

பொதுக் கோப்புறையைத் திறந்தேன். ghly;fs; இல்லை. Sanger இருந்தது. நோர்வேஜிய மொழியில் 'பாடல்கள்'. உள்ளே எல்லாப் பாட்டும் பத்திரம்.

"றொபினுக்கு நோர்ஸ்க்கில நன்றி சொல்லக்கூடத் தெரியாதே, அக்கா," என்றேன்.

அக்காவைக் காரில் ஏற்றிப்போக வந்திருந்த மகள் யூலியா வாசலில் நின்றாள். குழுவில் கிற்றார் வாசிப்பவள்.

"பேரை மாத்தினது நான்தான், அம்மா. கிற்றார் நோட்ஸ் வைக்கப் போனனான். அது தமிழெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? பூனை கீபோட்டில படுத்தெழும்பின மாதிரி எல்லோ கிடந்தது!"

(யூலியாவும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். அம்மா போட்டதைப் படித்துவிட்டும் பேசாமல் இருந்தாளா? படிக்கவே இல்லையா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கெட்டவளாகிறாள், மற்றதில் பச்சைப்பிள்ளை. வாசலில் நின்றவள் இரண்டுமில்லை.)

பழைய பெயரைத் திருப்பிப் போட்டேன். தலைமை ஆவணத்தைத் திறந்ததும் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிரம்பின. இந்தக் காட்சி எனக்கு எப்போதும் சலிப்பதில்லை. அவர்கள் இருவரும் திரையைப் பார்க்கவில்லை.

5

"றொபினுக்குத் தனிய எடுத்துச் சொல்லிவிடுறன்," என்றார் அக்கா.

"குழுவில எல்லோ போட்டனீங்கள். தனியச் சொன்னா அவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும்."

"குழுவில போட்டா பிள்ளையின்ர பேர் வரும், தம்பி. சனம் என்ன கதைக்கும்?"

"இப்ப றொபினைப் பற்றிக் கதைக்கிற அதே சனம்தானே," என்றாள் யூலியா.

முடிவு ஒன்று: அக்கா தனியே அழைக்கிறார். "பரவால்லக்கா," என்கிறார் றொபின். ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை.

முடிவு இரண்டு: அக்கா குழுவில் மன்னிப்புக் கேட்கிறார். ஞாயிறன்று றொபின் தனியாகப் பாட, கோயிலே கண்கலங்கி

(விட்டுவிட்டேன். கண்கலங்க வைப்பது சுலபம்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அக்கா குழுவைத் திறந்தார். 'றொபின் தம்பி' என்று தட்டினார். மகளைப் பார்த்தார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் கதை எழுதுற ஆள்தானே. மிச்சத்தை எழுதிவிடுங்கோவன்."

நான் வாங்கவில்லை. நீங்கள் வாங்குங்கள். யார் பெயரைப் போடுவது, யார் பெயரை விடுவது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதிகம் யோசிக்க நேரமில்லை. இதுவரை றொபின் அந்தக் குழுவைவிட்டு விலகவில்லை.