நட்சத்திர மீன் திறப்பு விழா

ராஜபாளையத்து நூற்பாலையின் வரவேற்புக் கூடத்தில் பேண்டேஜ் துணியாலான பிரமாண்டமான நட்சத்திர மீன் தொங்கியது. பொம்மை என்றால் அதை வடிவமைத்த சென்னை ஓவியர் கோபித்துக்கொள்வார். இன்ஸ்டலேஷன் கலை என்றுதான் சொல்ல வேண்டும். அதைத் தைத்தவள் மம்சாபுரத்துப் பாண்டிசெல்வி. இதே மில்லின் மிஷினில் வலது கையில் இரண்டு விரல் போனதோடு வேலையும் போயிருந்தது. விழா முடிந்ததும் வேலை திரும்பக் கிடைக்கும் என்று மேனேஜர் சொன்னதை நம்பி, அந்தக் கையின் மிச்ச மூன்று விரலால் தைத்து முடித்தாள்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “இந்த ஜீவனுக்குக் கை அறுந்தாலும் மறுபடி முளைக்கும். நம்ம மில்லும் அப்படித்தான்.” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

பாண்டிசெல்வி மேனேஜரிடம் போனாள். “சார், என் வேலை?”

“கை சரியாகட்டும் தாயி, பொறவு பாப்போம்.”

“போன விரல் இனி எங்க சார் முளைக்கப் போவுது?”

மேனேஜர் முகம் சுளித்தார். “மொதலாளி அம்புட்டு நேரம் சொல்லியும் ஒனக்கு நம்பிக்கை வரலையே.”