இலைக்கட்டு

நகரி மலைக் காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு வருவது என்று எங்கள் பள்ளி டீச்சர்கள் முடிவு செய்தோம். ஞாயிறு விடியலில் அம்பத்தூரில் ரயில் ஏறி, புத்தூரில் இறங்கி, அருவி வரை காட்டுப் பாதையில் நடை. ரேஞ்சர் துரையிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. மேலே கடை கண்ணி கிடையாது. சாப்பாட்டைச் சுமந்துதான் போக வேண்டும்.

பெரிய டீச்சர் வரலட்சுமி அம்மாள் வேலையைப் பங்கு போட்டார். ஒருவருக்குப் புளியோதரை, ஒருவருக்குத் தயிர்சாதம், இன்னொருவருக்கு இட்லி. என்னிடம் வந்ததும் குரல் இனிப்பானது.

"நீ இலை கொண்டு வந்துடும்மா தாட்சாயிணி. உங்க பக்கம்தான் வாழை நிறைய இருக்குமே."

எங்கள் பக்கம் வாழை கிடையாது. இருப்பது ரயில்வே லைன். நைனா அதில் கேங்மேன். இலைக்கு நான் பாடித் தோட்டத்து வேம்புலியிடம் போய்க் கெஞ்ச வேண்டும். இதைச் சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்றேன். சேரியிலேயே முதல் பி.ஏ. படித்த வாய்.

ஜெயசீலிக்கு வாழைப்பழம். வெளியே வந்ததும் என் தோளை இடித்தாள். "நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் அடுப்பு மூட்டுற வேல இல்ல, பாத்தியா? யோகம்டி." அவளுடையது தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான குடும்பம். சேர்ந்தும் பழம்தான். அவள் சிரித்தது எனக்கு எரிந்தது.

பழமும் இலையும் எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். உலையில் வெந்த சோறு மட்டும் ஆகாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம்.

வீட்டில் மலைக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். முள் பிடுங்க ஊக்கு, தண்ணீருக்குக் கூஜா, பெருவிரலில் துணி அடைத்த கான்வாஸ் ஷூஸ் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் இலைக்கட்டோடு வந்தால் தெருவெல்லாம் நல்லெண்ணெய் வாசனை. அம்மா புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பெரிய குண்டான் இரவல் வாங்கியிருந்தாள். அத்தனை டீச்சர்களுக்கும் சேர்த்து.

யார் சுமப்பது, கெட்டுப்போகும், அவர்களே நிறைய கொண்டுவருகிறார்கள் என்று அடுக்கினேன். புளிச்சோறு கெடாது என்றாள். டீச்சரம்மாங்க நம்ம ஊட்டு ருசியப் பாக்கட்டும் என்றாள். கடைசியில் உடைத்தே சொன்னேன்.

"நீ பொங்கினத அவங்க துன்ன மாட்டாங்கம்மா. அதான் என்ன எல கொண்டாரச் சொன்னாங்க."

கரண்டி நின்றது. அம்மாவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. களத்துமேட்டில் கொட்டாங்கச்சியில் கூழ் குடித்து வளர்ந்தவள். படித்தவர்கள் நடுவில் அது இருக்காது என்று நம்பியிருந்தாள். என்னைப் படிக்க வைத்ததே அதற்குத்தான்.

சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அவங்க சோத்த நீ துன்னுவியா?"

காது மடல் சுட்டது. அதை நான் யோசிக்கவே இல்லை. கை படாமல் தூக்கிப் போடுவார்கள். குனிந்து தின்றுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது டீச்சர் என்று சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன்.

"மாட்டேன்" என்றேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

இருட்டோடு எழுந்து சோறு வடித்துக் கிளறினாள். குண்டானில் இல்லை. ஒரு தூக்கில், என் அளவுக்கு. மலைமேல் அதை எல்லோர் எதிரிலும் திறப்பேன், ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்வேன் என்று ஸ்டேஷன் வரைக்கும் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். நல்ல வாக்கியங்கள்.

மலை வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. பிளாட்பாரத்திலேயே வரலட்சுமி அம்மாள் தூக்கைப் பார்த்துவிட்டார். "இது எதுக்கும்மா? இலை போதும்னேனே."

"வயிறு சரியில்லீங்க. அதான் வீட்டுச் சாப்பாடு."

என் வாய்தான் சொன்னது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பாவம், மோர் நிறைய குடி என்றார். நான் தலையை வேறு ஆட்டினேன்.

ஜெயசீலி பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. வந்து என் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்குந்தான் வயிறு சரியில்ல டீச்சர்" என்றாள், பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி. "நாங்க ரெண்டு பேரும் இதையே துன்னுக்கிறோம்."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.