எட்டாவது வாரம் வரை தேய்க்கக் கூடாது

எங்கள் ஊர் கர்லிங் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஐஸ் போடுகிறவன் நான். ஐஸ் மேல் கனமான கல்லைத் தள்ளி விட்டு, எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் நடுவில் நிறுத்துகிற ஆட்டம் அது. பெயர் ஒரெஸ்ட். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டாக்டர், வக்கீல், வானிலை சொல்கிறவன், இந்த மூன்று பேரையும் நம்புவதில்லை. ஆனால் ஐஸைப் பற்றி நான் ஒன்று சொன்னால் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணம் முழுக்க எவனும் மறுத்துப் பேச மாட்டான்.

ட்வைலா பாட்னர் மார்பைப் பெரிதாக்க உள்ளே சிலிகோன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்ற செய்தி கூடத்துச் சமையலறையில்தான் எனக்குக் கிடைத்தது. நாற்பத்து மூன்று வயது, மூன்று பிள்ளை பெற்றவள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பெரோகி என்கிற கிழங்குக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் வாசலில் நிற்கிறாள்.

"பஸ்ஸுக்கு இல்ல ஒரெஸ்ட். எனக்கு," என்றாள். அவ்வளவுதான். காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்கு அவள் மேல் இருந்த கோபம் வேறு. எங்கள் பெண்கள் அணியில் அவள்தான் தேய்ப்பவள். ஓடுகிற கல்லுக்கு முன்னால் ஐஸைப் பிரஷால் அழுத்தித் தேய்த்தால் கல் தளராமல் இன்னும் பத்தடி போகும். தேய்ப்பது என்றால் வீட்டுத் தரை துடைப்பது போல அல்ல. உடம்புப் பாரம் மொத்தமும் பிரஷ் மேல் இறங்க வேண்டும். தோளும் நெஞ்சும் செய்கிற வேலை அது. ட்வைலா மாதிரித் தேய்க்க இந்த வட்டாரத்தில் ஆண்களிலும் ஆளில்லை. அவளை நம்பித்தான் கேப்டன் மார்லிஸ் பதினோரு வருஷமாக மாகாணப் போட்டிக்குப் போகத் தவித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முதலில் வட்டாரப் போட்டியை ஜெயிக்க வேண்டும்.

ட்வைலா கணக்குப் பார்க்காமல் போனவள் இல்லை. நவம்பர் நாலாம் தேதி ஆபரேஷன். வட்டாரப் போட்டி ஜனவரி நடுவில். பத்து வாரம் இருந்தது. தேய்க்காமல் இருக்க டாக்டர் கேட்டதோ எட்டு.

அந்தக் கணக்கைக் கெடுத்தது நான்.

போட்டி நடக்க இருந்த ஊரில் ஐஸ் இயந்திரம் நவம்பர் நடுவிலேயே பழுதாகி, தரை முழுக்கத் தண்ணீராகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். பெருமைதான், வேறென்ன. எங்கள் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். அப்படியானால் டிசம்பர் ஒன்பது, பத்து என்றார்கள். சரி என்றேன். ட்வைலா ஞாபகமே வரவில்லை எனக்கு.

மறுநாள் காலை அவள் கூடத்துக்கு வந்தாள். தினமும் வருவாள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு, தெருவில் நடக்க முடியாது. அதனால் ஐஸ் ஓரமாக இருக்கும் மரப்பாதையில் சுற்றிச் சுற்றி நடப்பாள். மாரை இறுக்கிப் பிடிக்கிற தடித்த உள்ளாடை, மேலே கார்த்துடைய பெரிய சட்டை. கார்த் அவள் புருஷன். நடை மட்டும்தான், ஓட்டம் கிடையாது, கையை வீச மாட்டாள். எவனாவது கதவைத் திறந்துவிடும் வரை வெளியே நிற்பாள், ஏனென்றால் அந்தக் கதவு கனமானது, நெஞ்சால் தள்ள வேண்டும்.

தேதி மாறிய விஷயத்தை நானே சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஆபரேஷன் நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினாள்.

"அஞ்சு வாரம்," என்றாள். பிறகு மிச்சச் சுற்றுகளை நடந்து முடித்தாள்.

அன்று சாயங்காலமே மார்லிஸ் அவளை மடக்கிவிட்டாள். நான் கல்லுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. அஞ்சு வாரத்தில் காயம் ஆறிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்றாள் மார்லிஸ். வெளியே ஆறுவது தோல், உள்ளே சதைக்கு அடியில் வைத்தது இன்னும் இடத்தில் உட்காரவில்லை, நெஞ்சுச் சதையைப் போட்டு இழுத்தால் நகர்ந்துவிடும், ரத்தம் கட்டும், மறுபடி கத்திதான் என்றாள் ட்வைலா. டாக்டர்கள் வழக்குக்குப் பயந்து எல்லாவற்றையும் இரட்டிப்பாகத்தான் சொல்வார்கள் என்று நான் நடுவில் நுழைந்தேன். எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆனபோது ஆறு வாரம் எதையும் தூக்காதே என்றார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீர்த் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு கல் வழுக்கி ஓட ஐஸ் மேல் தண்ணீர்த் துளி தெளிக்கப் போனேன்.

"அப்புறம்?" என்றாள் ட்வைலா.

தையல் பிரிந்தது என்றேன். டாக்டர் சரியாகத் தைக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. மார்லிஸ்தான் சிரித்தாள். சிரித்த கையோடு பிரஷை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை ட்வைலா சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தாள். முதல் வாரம் வீட்டுக்குள் நடை. கை தோளுக்கு மேல் போகக் கூடாது. நாலு லிட்டர் பால் கேனைவிடக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து காலுக்கு வேலை தரலாம், சைக்கிள் மிதிக்கலாம், ஆனால் கைப்பிடியில் சாயக் கூடாது. குதிப்பும் ஓட்டமும் ஆறு வாரத்துக்குப் பிறகு. தள்ளுவது, அழுத்துவது, தேய்ப்பது எட்டாவது வாரத்தில், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ சூடாக இருந்தாலோ அந்த நிமிஷமே போன் செய்ய வேண்டும். படித்துக் காட்டச் சொன்னேன், படித்தாள். எல்லாவற்றிலும் தேதி போட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் பார்த்தேன், பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது கையை ஊன்றவே இல்லை. காலை உள்ளே இழுத்து, முன்னால் குனிந்து, தொடை பலத்திலேயே எழுந்தாள். எத்தனை நாளாக இப்படி என்றேன். முதல் நாளிலிருந்து என்றாள். அவள் போன பிறகு நானும் அப்படி எழப் பார்த்தேன். இரண்டு தரம் பெஞ்சிலேயே விழுந்தேன். மூன்றாம் தரம் பெஞ்சு நகர்ந்தது, நான் நகரவில்லை.

நாலாவது வாரம் அவள் கேட்டது இன்னும் மோசம். கிழவர்கள் கல் விடுகிற குச்சி ஒன்று வேண்டும் என்றாள். முட்டி மடங்காதவர்கள் நின்றபடியே அதைக் கல்லின் கைப்பிடியில் மாட்டி, நடந்து, தள்ளி விடுவார்கள். விதியில் அதற்குத் தடையில்லை. ஆனால் எழுபது வயதுக்குள் அதைத் தொட எவனும் துணிய மாட்டான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டுவிட்டாளாம். எடுத்த நர்ஸும் கர்லிங் ஆடுகிறவள். குச்சியால் விடலாம், கை இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், தள்ளுகிற பலம் நடக்கிற காலிலிருந்து வர வேண்டும், ஆனால் பிரஷைத் தேய்க்க அரை நிமிஷம்கூட அனுமதி இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த நர்ஸ் டாக்டரையும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சொன்னாளாம்.

செவ்வாய்க்கிழமை காலை முதியோர் ஆட்டம். அதில் போய் நின்றாள். கிழவர்கள் விட்டுவைக்கவில்லை. பென்ஷன் வந்துவிட்டதா, பல்செட் எங்கே என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். "உங்க கல்லு போற லட்சணத்துக்கு நான் பல்செட் போட்டு ஆடினாலும் ஜெயிப்பேன்," என்றாள். அன்று ஜெயிக்கவில்லை. முதல் நாள் கல் சுவரில் இடித்தது. பத்து நாளில் வட்டத்தின் நடுவில் நிறுத்தினாள். இருபது நிமிஷம் ஆனதும் நிறுத்திவிடுவாள். நன்றாக வருகிறதே, இன்னும் ரெண்டு விடு என்றேன் ஒரு நாள். காகிதம் இருந்த பையைத் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

மார்லிஸ் வேறு வழியில்லாமல் அணியை மாற்றினாள். தேய்ப்பதற்கு அவள் தங்கை டெனாவும், அறுபத்தொரு வயது ஜாய்ஸும். ட்வைலா குச்சியால் இரண்டு கல் விடுவாள். மார்லிஸ் கல் விடும்போது எதிர்முனையில் நின்று பிரஷை நட்டுக் குறி காட்டுவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

போட்டிக்கு வந்த வெளியூர்க்காரிகள் குச்சியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சனிக்கிழமை மூன்று ஆட்டம். மூன்றிலும் ட்வைலாவின் கல்லை ஒருத்தியாலும் இடித்து நகர்த்த முடியவில்லை. ஞாயிறு காலை சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியானம் எங்கள் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இருந்தார்கள்.

கடைசிச் சுற்று, கடைசிக் கல். எதிரணியின் கல் ஒன்று வட்டத்துக்குள் இருந்தது. அதைவிட நடுவுக்கு நெருக்கமாக மார்லிஸ் ஒன்றை நிறுத்தினால் பதினோரு வருஷத் தவிப்பு தீர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஊரே நின்றது. ட்வைலாவின் பிள்ளைகள், பாதிரியார், அவள் பஸ்ஸில் வரும் சின்னதுகள் எல்லாம்.

மார்லிஸ் விட்டாள். கோடு சரி, வேகம் கொஞ்சம் குறைவு. என் ஐஸ் எனக்குத் தெரியாதா, கை விட்டதுமே தெரிந்தது. டெனாவும் ஜாய்ஸும் தேய்த்தார்கள். பாதி வழியில் ஜாய்ஸுக்கு மூச்சு வாங்கியது. வட்டத்துக்குப் பதினைந்து அடி இருக்கும்போது அவள் நிமிர்ந்து நின்றுவிட்டாள். டெனா ஒருத்தி. கல் தளர்ந்துகொண்டே வந்தது.

ட்வைலா எதிரே நின்றாள். மூன்று எட்டு வைத்தால் கல். கையில் பிரஷ். எட்டு விநாடி தேய்த்தால் போதும். அவள் அணியில் எவரும் தேய்க்கலாம், விதி தடுக்காது. அந்த முனையிலிருந்து மார்லிஸ், "ட்வைலா, தேய்," என்று கத்தினாள். கண்ணாடியைத் தட்டி ஊர் மொத்தமும் கத்தியது. நானும் கத்தினேன். சொல்லிக்கொள்கிற பெருமை இல்லை, ஆனாலும் கத்தினேன்.

ட்வைலா ஒரு எட்டு வைத்தாள். நின்றாள். முட்டியை மடித்து உட்கார்ந்து, பிரஷை ஐஸ் மேல் படுக்க வைத்தாள். கையை எடுத்தாள். எழுந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

கல் நின்றது. அளந்து பார்த்தார்கள். நாலு விரல் அகலம் குறைவு.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை பீர் வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்கார்வது இங்கே வழக்கம். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மார்லிஸ் மட்டும் ஜன்னலோரம் நின்றாள். எவரும் ட்வைலா முகத்தைப் பார்க்கவில்லை. கார்த் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு சாஸேஜ் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மார்லிஸிடம் போனேன். தேதியை முன்னால் இழுத்தது நான், கமிட்டியிடம் சரி என்று சொன்னவன் நான், கோபப்பட வேண்டுமானால் என்னிடம் படு என்றேன்.

"தெரியும்," என்றாள் மார்லிஸ். "கமிட்டிக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான்." பிறகு மேசைக்கு வந்து ட்வைலாவுக்கு எதிரில் நின்றாள்.

"எட்டு செகண்டு. அதுக்கு மேல நான் கேக்கலடி."

"தெரியும்."

"பிரஷை ஏன் கீழ வச்ச? எல்லாரும் பாக்கணும்னா?"

"கையில இருந்தா தேய்ச்சிருப்பேன்," என்றாள் ட்வைலா. "ஒரு எட்டு வச்சுட்டேன், பாத்தல்ல. அதான் கீழ வச்சேன்."

ஜெயித்த அணியின் கேப்டன் கோப்பையை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"இன்னிக்கு தேய்ச்சிருந்தா உனக்கு ஒரு கல்லு கிடைச்சிருக்கும்," என்றாள் ட்வைலா. "நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். பிப்ரவரியில மாகாணப் போட்டிக்கு உனக்குத் தேய்க்க யாரு இருப்பா, ஜாய்ஸா?"

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் ஜாய்ஸ்.

மார்லிஸ் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நான் எத்தனையோ பலசாலிகளைப் பார்த்திருக்கிறேன். கோதுமை மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குகிறவன், கைக்கொரு கல்லாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன். ஊரே கத்தும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவளை அன்றுதான் பார்த்தேன். இருபது வருஷமாக என் வயிற்றைத் தைத்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். என் தையலைப் பிரித்தது யாரென்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு விளங்கியது.

மார்லிஸ் தன் கோப்பையை இழுத்துக்கொண்டாள். "எட்டாவது வாரம் என்னிக்கு முடியுது?"

"முப்பதாம் தேதி. ரெண்டாம் தேதி டாக்டர் பாக்கறாரு."

"அவரு சரின்னா?"

"முதல் நாள் அஞ்சு நிமிஷம். கல்லு இல்லாம, வெறும் ஐஸ்ல."

மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். "ஒரெஸ்ட், மூணாம் தேதி காலையில நாலாவது பாதை எங்களுக்கு வேணும். அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷத்துக்கு எவனும் ஒரு பாதைக்கு முழுதாக ஐஸ் போட மாட்டான். சுரண்டி, தண்ணீர் விட்டு, துளி தெளிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குத் தயாராக இருக்கும் என்றேன்.