ராஜதானிக்குள் நுழையாத குதிரை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாமோதர் வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்க மாட்டான். போன் அடித்தாலும் எடுக்க மாட்டான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குதிரை மேல் ஏறியிருப்பான். செகந்திராபாத்தில் இரண்டாவது மாடியில், ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் குதிரை ஏது என்று கேட்கக் கூடாது. விஜயவாடாவில் இருக்கும் அவன் மகள் சஹஸ்ராவுக்கும் ஒரு குதிரை உண்டு. இரண்டும் ஒரே கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தன. அப்பாவும் மகளும் வாரம் ஒருமுறை சந்தித்துக்கொள்ள வாய்த்த இடம் அது ஒன்றுதான்.

மனைவி ஸ்ரவந்தி அவனைப் பிரிந்து, வம்சியைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது மகளும் கூடவே போய்விட்டாள். போனில் பேசினால், "சாப்ட்டியா?", "சாப்ட்டேன்" என்பதோடு பேச்சு படுத்துவிடும். குதிரையில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது மட்டும் அந்தப் பெண் வாயை மூட மாட்டாள். கணக்கு மிஸ்ஸின் மூக்குக்கண்ணாடி, தோழியோடு போட்ட சண்டை, அம்மா செய்யும் உப்பில்லாத பருப்புப் பப்பு என்று எல்லாம் வரும். தாமோதருக்கு அந்த ஒரு மதியம் போதும். அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.

மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் புத்தம் புது கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தது வம்சி. அதை மட்டும் இவனால் ஜீரணிக்க முடியவில்லை. கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைப்பவன், படம் என்றால் உயிர். நேரே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சி.டி.சி. கட்டடத்தில் இருக்கும் இம்தியாஸ் கடைக்குப் போய், கண்ணாடி அலமாரியிலேயே பெரிதாக இருந்த, திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டைக் கேட்டான். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அதைச் சொருகிக்கொள்வதாகத் திட்டம்.

"பாய், உங்க பிராசசர் ரொம்பப் பழசு" என்றான் இம்தியாஸ். "மாப்பிள்ளைக்கு ஷெர்வானி மட்டும் எடுத்துட்டு, கால்ல பிஞ்ச செருப்போட நிக்க வச்ச மாதிரி ஆயிடும்."

"ஆல்பத்துல கால் வராது. நீ கார்டக் குடு."

புதுக் கார்டு போட்ட பிறகு விளையாட்டில் வரும் காட்டில் எந்தக் குறையும் இல்லை. புல் நுனியில் பனி மின்னியது, ஆற்றில் மேகம் தெரிந்தது. தாமோதர் குதிரையை நிறுத்திவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பான். வம்சியின் மெஷினில் இதெல்லாம் இப்படித் தெரியுமா என்று ஓர் அற்ப சந்தோஷம் வேறு.

வம்பெல்லாம் ராஜதானியில்தான். விளையாட்டில் அதுதான் பெரிய நகரம். சந்தை, படகுத்துறை, எங்கே பார்த்தாலும் ஜனம். கோட்டை வாசலைத் தாண்டினால் போதும், இவனுடைய திரை விக்க ஆரம்பித்துவிடும். இரண்டு அடி நகரும், நிற்கும், திடீரென்று பத்து அடி தள்ளிப் போய் விழும்.

"நான்னா, நீ செவுத்துக்குள்ள நடந்துட்டிருக்க" என்பாள் சஹஸ்ரா. அப்பா அவளுக்கு நான்னா, அவள் அவனுக்கு பங்காரு, அதாவது தங்கம்.

"இல்ல பங்காரு, நான் வாசல்லதான் நிக்கிறேன்."

"இங்க அப்படித் தெரியல."

அதோடு விளையாட்டே இவனை வெளியே துப்பிவிடும். நெட்தான் மோசம் என்று கம்பெனியை மாற்றினான். நிழலைக் குறைத்தான், தண்ணீரை மங்கலாக்கினான். படம் அசிங்கமானதுதான் மிச்சம். விக்கல் போன பாடில்லை. மூன்றாவது முறை துரத்தப்பட்டு அவன் திரும்பி வந்தபோது, மகள் கோட்டைக்கு வெளியே மரத்தடியில் காத்திருந்தாள்.

"சிட்டி செம போர் நான்னா. வா, மீன் பிடிக்கப் போலாம்."

"படகுத்துறையில படகு விழா பாக்கணும்னியே?"

"அது அடுத்த ஞாயித்துக்கிழமையோட முடியுது. பரவால்ல விடு."

அந்தப் 'பரவால்ல விடு' இருக்கிறதே, அது அவனுக்குப் பழக்கமான குரல். ஸ்ரவந்தி பிரிவதற்கு முந்தைய வருஷம் முழுக்க அப்படித்தான் பேசினாள். அதற்குமேல் எதையும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டவர்களின் குரல் அது. ஹெட்போனில், மகளுக்குப் பின்னால் வம்சி சிரிப்பது கேட்டது. ஆக, மற்ற நாளெல்லாம் இவள் அவனோடு ராஜதானி முழுக்கச் சுற்றிப் பார்த்தாகிவிட்டது, அதனால்தான் போர் என்கிறாள் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டான். நகரம் அவனுக்கு, காடு எனக்கு. கொஞ்ச நாளில் காடும் போரடித்துவிடும். அப்புறம் 'சாப்ட்டியா' மட்டும்தான்.

மறுநாள் போன் வந்தது. வம்சி.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவோட விளையாடறப்ப சிக்குதே, அது நெட்டு இல்லண்ணா. உங்க பிராசசர்."

"என்ன கார்டு போட்டிருக்கேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். பாப்பா பெருமையா சொன்னா. ஆனா அந்தக் கார்டு போடற படம் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்ணா? அவ ஸ்க்ரீன்ல நீங்க அசையாம நிக்கிறதுதான் தெரியுது."

தாமோதர் பட்டென்று போனை வைத்துவிட்டான். இவன் யார் எனக்குச் சொல்ல என்று அன்றைக்கெல்லாம் பொருமினான். ஆல்பப் படத்தில் ஒரு மணப்பெண்ணின் கழுத்து மாலைக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை திரும்ப வந்து குத்தியது. பனித்துளி, மேகம் எல்லாவற்றையும் இவன் ஒருவனே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். மகள் பார்த்ததெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் ஓர் அப்பாவை. வம்சி சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுபடி கடைக்குப் போனபோது, இம்தியாஸ் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரவழைத்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தான்.

"அன்னைக்கே சொன்னேன்ல பாய்? காடு, மலை வரையறது கார்டு. ஆனா சந்தையில அந்த மீன்காரி எந்தப் பக்கம் திரும்பணும், வண்டிக்காரன் யாரைத் திட்டணும், அடுத்த தெருவுல என்னென்ன இருக்கணும், அத்தனையும் யோசிக்கிறது பிராசசர். அது யோசிச்சு முடிச்சாத்தான் கார்டு வரையும். உங்க கிழவனுக்கு நாலு பேர் வந்தா தாங்கும். ஊரே வந்தா மூச்சு வாங்குது. அதுவரைக்கும் கார்டு கையக் கட்டிட்டு சும்மா நிக்குது."

"நிழலெல்லாம் குறைச்சுப் பாத்தேனே?"

"வேலை இல்லாம நிக்கிறவனுக்குப் போய் வேலையக் குறைச்சிருக்கீங்க."

புது பிராசசர் போட்டால் அது உட்காரும் போர்டும் மாற்ற வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லாததால் அதற்கு ஒரே வழி, பெரிய கார்டைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை வாங்கிக்கொள்வதுதான். இம்தியாஸ் மேஜையில் இரண்டு பிராசசர் பெட்டிகளை வைத்தான்.

"இதுக்குக் கை நிறைய. ஒரே நேரத்துல பத்து வேலை பாக்கும். உங்க ஆல்பம் பொழப்புக்கு இதுதான் சரி. அதுக்குக் கை கம்மி. ஆனா அடிக்கடி தேவைப்படறதையெல்லாம் மடியிலயே வச்சிருக்கும், தேடிட்டு ஓடாது. சந்தைக் கூட்டத்துக்கு அதுதான் ராஜா. எது வேணும்?"

தாமோதர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே இருந்தான். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"சந்தைக்கானது" என்றான்.

"சின்னக் கார்டுல படம் சப்பையா இருக்கும் பாய். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

ஞாயிறு மதியம், அவசர அவசரமாக பகாரா அன்னத்தை விழுங்கிவிட்டுக் குதிரை ஏறினான். இம்தியாஸ் பொய் சொல்லவில்லை. பனித்துளியைக் காணோம். புல் மொட்டையடித்த மாதிரி இருந்தது. ஆறு சாம்பல் துணியாகக் கிடந்தது. இருந்தாலும் நிற்காமல் போனான்.

"நான்னா, மீன் பிடிக்கவா?" என்றாள் சஹஸ்ரா.

"ராஜதானிக்கு."

"வேணாம் நான்னா, மறுபடி நீ..."

அவன் காதில் வாங்காமல் வாசலைத் தாண்டினான். திரை விக்கவில்லை. குதிரை நடந்துகொண்டே இருந்தது. ஆட்டுக்காரன் வழி விட்டான், பிள்ளைகள் குறுக்கே ஓடின. கூடைக்காரி ஒருத்தி இடித்துவிட்டு இவனையே வசை பாடினாள். ஒரு திட்டு இவ்வளவு இனிக்கும் என்று தாமோதருக்கு அதுவரை தெரியாது.

"நான்னா, நீ உள்ள வந்துட்ட" என்றாள் மகள்.

"வந்துட்டேன். படகுத்துறை எந்தப் பக்கம்? நீதான் வழி காட்டணும்."

"எனக்குத் தெரியாதே."

"இவ்ளோ நாளா சுத்தறியே, தெரியாதா?"

"நான் எங்க சுத்தினேன்? வாசல் வரைக்கும் வந்தேன், அதுவும் உன்னோட."

"ஏன், வம்சியோட போகலயா?"

"கூப்ட்டாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நான் மொதல்லயே பாத்துட்டா, அப்புறம் உன்கூட வர்றப்ப பாக்காத மாதிரி நடிக்கணும். எனக்கு நடிக்கல்லாம் வராது."

நடிக்க வராதாம். சிட்டி செம போர் என்று போன வாரம் சொன்ன அதே வாய். தாமோதர் ஹெட்போன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

இருவரும் வழி தெரியாமல் இரண்டு முறை அதே மாவு மில்லுக்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவழியாகச் சந்து ஒன்றில் இறங்கியதும் தண்ணீர் தெரிந்தது. மகள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. இவன் திரையில் விழாப் படகுகளின் விளக்குகள் மஞ்சள் மஞ்சளாகச் சில பொட்டுகள், அவ்வளவுதான்.

"உன் கார்டுல இன்னும் சூப்பரா தெரியுமில்ல நான்னா?"

"கார்டக் குடுத்துட்டேன். இங்க எல்லாம் மங்கலாத்தான் தெரியுது."

"குடுத்துட்டியா? ஏன்?"

"உள்ள வரணும்ல பங்காரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது.

"அங்க எப்படித் தெரியுதுன்னு நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றான் தாமோதர்.

சஹஸ்ரா ஒவ்வொரு படகாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் குதிரையை அவள் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.