நாகவல்லி சுட்ட குண்டு

1987ஆம் ஆண்டு தை மாதத்தில் மேனாம்பேட்டு நாகவல்லி சுட்ட குண்டு, மனை போட்டு விற்கும் எத்திராஜின் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. கீழே விழவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. எத்திராஜ் இடது பக்கம் நகர்ந்தான், அதுவும் நகர்ந்தது. பின்னால் போனான், அதுவும் கூடவே போனது. குடிசைகளை இடிக்க வந்திருந்த அவனுடைய ஆட்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடப்பாரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்தத் துப்பாக்கி அவளுக்குக் கிடைத்தது அம்பத்தூர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த பஞ்சத்தில். ஊற்றுத் தோண்டப் போனவளின் மண்வெட்டி எதிலோ பட்டது. கையை விட்டு இழுத்தாள். துரு இல்லை. நீளக் குழல், மினுமினுக்கும் மரக்கட்டை, இரும்பில் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கிய ஒரு மான். உள்ளே ஒரே ஒரு தோட்டா, இன்னொன்றுக்கு இடம் இல்லை. போலீஸில் ஒப்படைத்துவிடச் சொன்னான் புருஷன் வீராசாமி. "ஏரி எனக்குக் குடுத்துச்சு. அத்த நான் ஏன் டேசன்ல குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பாயில் சுருட்டிக் கூரை இறவாணத்தில் செருகினாள். மறுநாள் வழக்கம்போல தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு பேக்கிங் வேலைக்குப் போனாள்.

ஏரிக்கரை ஓரத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒரு காலத்தில் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவை. வயல் கம்பெனியானபோது அவர்களும் கம்பெனிக்குப் போனார்கள். கால் கீழே இருந்த மண் மட்டும் எந்தக் காலத்திலும் அவர்கள் பேரில் இருந்ததில்லை. அதை வாங்கிவிட்டதாக எத்திராஜ் சொன்னான். குண்டு சுட்ட அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தின் உலைப்பானையை அவன் காலால் எட்டி உதைத்தான். கொதிக்கிற சோறு மண்ணில் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்த நாகவல்லி உள்ளே போய்ப் பாயை உருவினாள். மிரட்டத்தான் சுட்டாயா என்று பின்னால் கேட்டவர்களிடம் எல்லாம், கொல்லத்தான் சுட்டேன் என்றே சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் ஜெயராமன் வந்து குண்டைச் சுற்றிப் பார்த்தார். தொட்டவர் விரலைச் சுட்டுக்கொண்டார். "குண்டு இன்னும் போய்ச் சேரலியேம்மா, இன்னான்னு கேஸ் எழுதறது?" என்றார். "போய்ச் சேர்ற அன்னிக்கு வந்து உன்னக் கூட்டிகினு போறேன்." துப்பாக்கியின் அடியில் இருந்த நெம்புகோலை இழுத்தால்தான் உள்ளே பார்க்க முடியும், அது அசையவில்லை. காலி என்றும் எழுத முடியவில்லை, தோட்டா இருக்கிறது என்றும் எழுத முடியவில்லை. துப்பாக்கியை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எத்திராஜ், நாகவல்லி என்று இரண்டு பேர் அந்தக் குண்டுக்கு அடியில் வாழ்ந்தார்கள். கோவில்பதாகையில் தன் அண்ணன் வீட்டோடு போய்விடலாம் என்று வீராசாமி கெஞ்சினான். நாகவல்லி கூரைக்குப் புது ஓலை மாற்றினாள்.

எத்திராஜின் மனைவி கஸ்தூரி அவன் முதுகுப் பக்கமாகப் படுக்கப் பழகினாள். ஆவடி ரயிலில் எவ்வளவு நெரிசலானாலும் அவனுக்கு முன்னால் ஒரு சாண் இடம் கிடைத்தது. மார்கழியில் குண்டின் சூட்டில் அவனுக்குக் குளிர் தெரியவில்லை. ஏரிக்கரைப் பக்கம் கால் வைத்தால் மட்டும் அது விரற்கடை விரற்கடையாகக் கிட்டே வந்தது.

செய்தி பரவி, பழைய துப்பாக்கிகள் சேர்க்கும் கஜபதி என்பவர் பட்டணத்திலிருந்து காரில் வந்தார். நாகவல்லியின் வாசலில் உட்கார்ந்து, கைக்குட்டையை விரித்து அதன்மேல் துப்பாக்கியை வைத்து வெகுநேரம் தடவினார். நூறு வருஷத்துக்கு முந்தியது, கையாலேயே செய்தது, உலகத்திலேயே நாலைந்துதான் இருக்கும் என்றார். "ஒரு தடவைதான் சுடலாம்மா. தப்புனா மான் ஓடிரும். அதனால இத வெச்சிருந்தவங்க அவசரப்படவே மாட்டாங்க." அண்ணா நகரில் வீடே தருவதாகச் சொன்னார். சுட்ட குண்டும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு என்பதால் எத்திராஜையும் போய்ப் பார்த்து விலை கேட்டார். எத்திராஜ் அவரைத் துரத்திவிட்டான். நாகவல்லி காபி கொடுத்து அனுப்பினாள். "அண்ணா நகர்ல எனக்கு யார் சார் கீறாங்க?"

1991இல் எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. பொக்லைன் இயந்திரத்தைப் பின்னால் வரவிட்டு, தான் முன்னால் நடந்தான். குண்டு கிட்டே வந்தது. சட்டைப் பொத்தான் உருகிச் சொட்டியது. பனியன் கருகியது. நாகவல்லி வாசலில் நின்றாள். காலடியில் ஒரு துணி மூட்டை.

"வா அண்ணாத்தே. இன்னும் நாலு அடிதான்."

"நான் செத்தா நீ உள்ள போவே."

"தெரியும். பொடவயெல்லாம் மூட்ட கட்டி வெச்சிகினுதான் நிக்கிறேன். நீ உன் ஊட்ல சொல்லிட்டு வந்தியா?"

பள்ளிக்கூடம் போயிருந்த மகள் பூங்காவனத்துக்கு இனி யார் தலை வாரிவிடுவார்கள் என்ற நினைப்பு ஒன்று அவளுக்கு வந்தது. அதையும் வைத்துக்கொண்டே அவள் நின்றாள். எத்திராஜ் ஒரு அடி வைத்தான். தோல் பொசுங்கும் நாற்றம் அவனுக்கே அடித்தது. இயந்திரக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். எத்திராஜ் உட்கார்ந்து அழுதான். குண்டும் அவனோடு தணிந்தது. அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லார் பேர்லயும் பட்டா வாங்கிக் குடு. என் ஒருத்திக்கு வாணாம்."

வாங்கிக் கொடுத்தான். எந்த அதிகாரியும் அவனை வெளியே காக்க வைக்கவில்லை. எதிரே அந்தக் குண்டோடு உட்கார்ந்திருப்பவனிடம் நாளைக்கு வா என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பட்டா வந்த அன்று நாகவல்லி நெம்புகோலை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. குண்டும் போகவில்லை. அதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

1997இல் பூங்காவனத்தின் கல்யாணத்துக்கு எத்திராஜ் குடும்பத்தோடு வந்தான். மேடையில் எல்லாரையும் நிறுத்திய போட்டோக்காரர், நடுவில் இருக்கும் அதைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். "அது எங்கூட்டு சாமான்பா. இருந்துட்டுப் போவட்டும், எடு" என்றாள் நாகவல்லி. படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எத்திராஜ் மட்டும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.