நாலு பேரும் வரணும்

இப்பல்லாம் சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் சீக்காளியையா பார்க்கிறார்கள்? ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைக்க வேண்டியது, "எப்படி விழுந்த?" என்று கேட்க வேண்டியது, பதில் வருவதற்குள் போனை நோண்ட வேண்டியது, வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது. துக்கம் விசாரிக்கிறதையும் டீ குடிக்கிற கணக்காக ஆக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் குந்தியிருந்த ஜெயபாண்டிக்குச் சொந்தக்காரர்களை நினைக்க நினைக்க எரிந்தது.

கீழக்குயில்குடி விலக்கில் பஞ்சர் கடை போட்டு ஆயுசைக் கழித்தவர். படிப்பு மூணாவதோடு சரி. காற்றடித்த ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் நம்ப மாட்டார். மனுசனை முக்கிப் பார்க்க முடியாததால் நம்புவதே இல்லை.

உள்ளே மகள் செல்லக்கிளி கிடந்தாள். மழைத் தண்ணீரில் ஸ்கூட்டி சறுக்கி இடுப்பெலும்பு உடைந்து, பிளேட் வைத்தாகிவிட்டது. மூணு மாதம் காலை ஊன்றக் கூடாது. குடித்துவிட்டுக் கை நீட்டுகிற புருசன் வேண்டாமென்று அவள் அப்பன் வீட்டுக்கு வந்து வருசக்கணக்காகிறது. ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவளும் அவரும்தான்.

முதல் நாள் மாமியார்க்காரி ஒச்சாயி வந்து போனதிலிருந்து ஜெயபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. "சம்பந்தி, கோவப்படாம கேளுங்க. தண்ணி ஊத்தி விடணும், துணி மாத்தணும், பீ மூத்திரம் அள்ளணும். வளர்ந்த புள்ளைக்கு அப்பன் செய்ற வேலையா இது? எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. பொம்பளைங்க இருக்கோம்" என்றாள்.

அனுப்பித்தான் ஆக வேண்டுமோ என்று மகளிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தார்.

செல்லக்கிளி மோட்டுவளையைப் பார்த்தபடி, "அங்க போனா எந்திரிக்க மாட்டேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று காலையில்தான் அந்தப் பொம்பளைகள் வந்தார்கள். காஜிமார் தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் சமீனா, இட்லிக் கடை இருளாயி, ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கும் சௌராஷ்டிரா வீட்டு ஹம்சவேணி, திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்த சாதிகா. பள்ளிக்கூடத்தில் மகளோடு கூடைப்பந்து விளையாடியவர்களாம். இருளாயி இப்போது ஒரு கதவை அடைக்கிற பருமன்.

வேனிலிருந்து இறக்கிய ஸ்ட்ரெச்சர் வீட்டு வாசலில் திரும்பவில்லை. நாலு பேரும் போர்வையின் நாலு முனையைச் சுருட்டிப் பிடித்தார்கள். இருளாயி எண்ணினாள். குலுங்காமல் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள்.

"நாலு பேரு தூக்குறதப் பாத்தா எனக்கே பயமா இருக்குடி" என்றாள் செல்லக்கிளி.

"அதுக்கு ஆம்பளைங்க வருவாங்க. நீ இப்பக் கொஞ்சம் எடையக் கொற" என்றாள் இருளாயி.

"யாரு, நீயா சொல்ற?"

மகள் சிரித்து ரொம்ப நாளாகிறது. ஜெயபாண்டிக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. ஒருத்தி குளிப்பாட்ட, ஒருத்தி சோறு கொண்டுவர, இன்ன கிழமைக்கு இன்னார் என்று அவர்களே பேசி முடித்தார்கள். அவர் இருளாயியை வாசலில் மறித்தார்.

"ஏத்தா, இதுல ஒங்களுக்கு என்ன ஆதாயம்?"

"ஒங்க வீட்டு ரசம் குடிக்கலாம்ல."

"வெளையாடாத. யாரு அனுப்புனது?"

"சார் பழக்கிவிட்டது அப்பா. கோர்ட்ல ஒருத்தி விழுந்தா, எந்த மூலையில நின்னாலும் மத்த நாலு பேரும் ஓடியாந்து தூக்கணும். பக்கத்துல நிக்கிறவ மட்டும் தூக்குனா சார் வெளிய ஒக்கார வச்சிருவாரு."

சார் என்றதும் அவருக்கு ஆள் பிடிபட்டது. சௌந்தரராஜன். கூடைப்பந்து சொல்லித் தருகிறேன் என்று வயசுப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை மாட்டி ஓடவிட்ட பி.டி. வாத்தியார். அந்தக் காலத்திலேயே அவரை ஜெயபாண்டிக்கு ஆகாது. சொந்தபந்தம் எட்டிப் பார்க்காத இடத்துக்கு அந்த ஆள் சொல்லி நாலு பேர் வருகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் மகள் பேரில் ஒரு பிளாட் கிடக்கிறது. அதில் கண்ணோ?

மறுநாள் வாத்தியாரைத் தேடிப் பசுமலைக்குப் போய்விட்டார்.

வாத்தியார் பனியனோடு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முடி கொட்டி, முதுகு வளைந்து, விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை. ஜெயபாண்டி உட்காரவில்லை.

"செல்லக்கிளிக்கு அப்பன். நீதான் ஆளனுப்புனியா?"

"செல்லக்கிளி..." வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "எடது கைப் பழக்கம். முழங்கைய வெளிய நீட்டியே பந்து போடும். சொல்லிச் சொல்லிப் பாத்தேன், திருந்தல. அதுக்கு என்ன?"

இடுப்பு உடைந்ததைச் சொன்னார். வாத்தியாருக்கு நிசமாகவே தெரிந்திருக்கவில்லை. குழாயை மூட மறந்து நின்றார். செடியைத் தாண்டித் தண்ணீர் வாசலில் ஓடியது.

"நான் யாரையும் அனுப்பலண்ணே. ஒருத்தி போன் நம்பர்கூட என்கிட்ட இல்ல."

"அப்புறம் எதுக்கு அம்புட்டுப் பேரும் வரணும்னு சொல்லிக் கொடுத்த?"

"நம்ம கோர்ட் சிமெண்ட்டுத் தரை. விழுந்த புள்ள அழுதுகிட்டு ஒக்காந்துரும். நாலு பேரு சுத்தி நின்னா வெக்கப்பட்டு எந்திரிச்சிரும். எதிர் டீமும் கொஞ்சம் பயப்படும். அதுக்காகச் சொன்னது. ஆட்டத்துக்குத்தான்."

"ஆட்டம் முடிஞ்சு எம்புட்டு வருசமாச்சு."

"அதான் எனக்கும் புரியல" என்றார் வாத்தியார்.

பெரிய ஞானமாக ஏதாவது பேசியிருந்தால் பொய் என்று திட்டிவிட்டு வந்திருப்பார். இந்த ஆள் தெரியாது என்று ஒத்துக்கொண்டது ஜெயபாண்டிக்கு இன்னும் கோளாறாக இருந்தது. காப்பி வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் மருமகன் அருள்பாண்டி ஆத்தாளைக் கூட்டிக்கொண்டு காரோடு வந்து நின்றான். பின் சீட்டில் மெத்தை விரித்திருந்தது.

"மாமா, அழைச்சிட்டுப் போக வந்திருக்கோம். டிரைவர் நிக்கிறாரு, வெரசா ரெடி பண்ணுங்க."

உள்ளே ரூமில் கதவு சாத்தியிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், "கையத் தூக்குடி, சோம்பேறி" என்று சமீனா அதட்டுவதும் கேட்டது. அவன் குரல் உள்ளே எட்டியதும் இரண்டும் அடங்கிப்போயின.

ஒச்சாயி காதைத் தீட்டிவிட்டு உதட்டைச் சுழித்தாள். "இவளுகள நம்பியா இருக்கீக? ரத்தமா, சொந்தமா? நாலு நாளைக்கு வருவாளுக. புருசன் புள்ளைன்னு அவுகவுக சோலி வந்தா நின்னுருவாளுக. அப்புறம் எங்க வாசலுக்குத்தான் வரணும்."

ராத்திரியெல்லாம் ஜெயபாண்டி தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அது, ஒரு வார்த்தை பிசகாமல். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லப்போவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஆளு இருக்கு" என்றார்.

"என்ன மாமா?"

"எம் மகளுக்குத் தண்ணி ஊத்த ஆளு இருக்குன்னேன் மாப்ள. மெத்தையச் சுருட்டு."

"பெறகு வருத்தப்படுவீங்க."

"படுறேன். எம் பாடு. வண்டிய எடு, பாதைய அடைச்சுக்கிட்டு நிக்குது."

ஒச்சாயி மண்ணை வாரித் தூற்றாத குறை. கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கதவு திறந்தது. ஈரத்தலையில் துண்டு சுற்றி, தலையணையில் சாய்ந்திருந்தாள் செல்லக்கிளி. அப்பனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அவருக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

அழுக்குத் தண்ணி வாளியோடு வெளியே வந்தாள் சமீனா.

"நாளைக்கு யாரு?" என்றார்.

"ஹம்சா."

"வருவாளா?"

"வருவாப்பா."

"மூணு மாசம்."

"தெரியும்."

"தெரியும்னு எல்லாரும்தான் சொல்லுவாக. பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி வேலியோரம் கொட்டினார். கவிழ்த்து வைத்துவிட்டு, இவளுகளாவது மூணு மாசமாவது என்று முனகிக்கொண்டே குளத்தங்கரைப் பக்கம் நடந்தார்.